பள்ளிச் சுவருக்கு எந்தப் பகா எண்?

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்சுவர் இருபது அடி நீளம். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து வரும் பஸ் வளைந்து திரும்பும் இடம் என்பதால், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாருடைய கண்ணும் அதில்தான் விழும். சென்ற ஆண்டு வரை அங்கே ஒரு மயில் இருந்தது. மழையில் தோகை கரைந்து, கழுத்து வெளுத்து, கடைசியில் வாத்துபோலத் தெரிய ஆரம்பித்ததும் தலைமையாசிரியை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். இந்த முறை படம் வேண்டாம், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் ஒரு பெரிய பகா எண்ணை எழுதலாம் என்பது அவருடைய யோசனை. நூறுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களையும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நூறுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர்கள் தினமும் பார்க்கட்டும் என்றார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கியது 150 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). டவுனில் கடைப் பலகை எழுதும் பெயிண்டர் அண்ணன் இலக்கத்துக்கு 4 வெள்ளி கேட்டார். ஆக, முப்பத்தேழு இலக்கத்துக்கு மேல் கையைக் கடிக்கும். சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளிக் கூட்டம் ஒன்றில் எண்களுக்காகச் சண்டை நடந்ததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். டியூஷன் நடத்திக்கொண்டு சனிக்கிழமைகளில் கணிதக் கழகத்தையும் பார்த்துக்கொள்கிறவன் என்பதால், எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடிவு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

சங்கத் தலைவருக்கு வேண்டியது உலகத்திலேயே பெரியது. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 1996 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து நடத்தும் ஜிம்ப்ஸ் தேடலில் கிடைத்தது அது. பெயிண்டர் அண்ணனின் கணக்குப்படி கூலி மட்டும் 16 கோடியே 40 லட்சம் வெள்ளியைத் தாண்டும். இலக்கத்துக்கு ஆறு அங்குலம் என்று வைத்தால், 772 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை எட்டு முறை அளந்த பிறகும் இலக்கங்கள் மிஞ்சும். அடுக்கை மட்டும் போட்டு ஒரு வரியில் எழுதலாம்தான். அப்படி எழுதினால் பிள்ளைகள் பார்ப்பது எண்ணின் விலாசத்தை. எண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை. இந்த வகைச் சாதனைகளின் ஆயுளும் நம் மயிலின் ஆயுள் அளவுதான். இன்னொருவர் பெரியதாக ஒன்றைக் கண்டறிந்ததும் மறுபடி வெள்ளையடிக்க வேண்டும்.

கூட்டத்தில் மிக அழுத்தமாகப் பேசியவர் ஓய்வுபெற்ற கிராணியார், தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியல் இது என்று காட்டினார். இரண்டை இத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று அவர் தந்த அடுக்குகள்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அதில் 67-ஐ எடுத்தால் 147573952589676412927 வருகிறது. இருபத்தொரு இலக்கம், 84 வெள்ளி, அளவான விலை. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர: அது பகா எண்ணே இல்லை. மெர்சென் பட்டியலில் 67-உம் 257-உம் தவறாக நுழைந்தவை. சேர வேண்டிய 61, 89, 107 விடுபட்டவை. 2⁶⁷−1 பகு எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்பது 27 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, வாயைத் திறக்காமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷−1-ஐக் கணக்கிட்டு எழுதினார். மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கிராணியாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. ஆனால் என் மனத்தில் ஒன்று பதிந்தது இங்கேதான். அச்சில் இருக்கிறது, பெரியவர் சொன்னார் என்பதற்காக ஓர் எண்ணைச் சுவரில் ஏற்றக்கூடாது. ஏற்றுவதற்கு முன் நாமே தட்டிப் பார்க்க முடிகிற எண் எது? மிச்சம் இருந்தவற்றை நான் இந்தக் கேள்வியோடுதான் அணுகினேன்.

பெயிண்டர் அண்ணனுக்கே ஒரு விருப்பம் இருந்தது. அவருடைய மகன் செல்பேசியில் காட்டியது அது: 1000000000000066600000000000001. ஒன்று, பதின்மூன்று பூஜ்யம், நடுவில் 666, மறுபடி பதின்மூன்று பூஜ்யம், ஒன்று. பூஜ்யத்துக்கு அச்சுத் தகடு வைத்திருப்பதால் பாதி விலை போதும் என்றார். முப்பத்தொரு இலக்கமும் 72 வெள்ளியில் முடிந்துவிடும். இந்த எண்ணைக் கண்டறிந்தவர் ஹார்வி டப்னர். கிறித்துவ மரபில் 666 தீயசக்தியின் எண் என்பதாலும் மேற்கத்தியர்கள் 13-ஐக் கண்டால் ஒதுங்குவார்கள் என்பதாலும் கிளிஃபர்ட் பிக்கோவர் இதற்குப் பெல்ஃபெகோர் என்ற பேயின் பெயரை வைத்தார். பேயை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கிற எண்ணுக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தால் அது கட்டாயம் 11-ஆல் வகுபடும்: 1221, 4774, 830038, எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். ஆகவே, 11-ஐத் தவிர, இருவழியும் ஒத்த பகா எண்கள் எல்லாவற்றுக்கும் இலக்க எண்ணிக்கை ஒற்றைப்படைதான். இதைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஆனால் முப்பத்தொரு இலக்க எண் பகா எண்தானா என்பதைக் கையால் சோதிக்க நம்மிடம் ஆயுதம் இல்லை. இன்னொரு பயமும் உண்டு. நம் ஊரில் கார் மோதினால் கார் எண்ணையும், பாம்பு வந்தால் கனவு எண்ணையும் நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிச் சுவரில் 0666 என்று எழுதி வைத்தால் மறுநாள் கடையில் வரிசை நிற்கும்.

பத்தொன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கும் 1111111111111111111-ஐச் சொன்னது ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. இப்போது செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டத்தில் ரப்பர் நிரையை ஞாபகப்படுத்தும் எண் இதைத் தவிர வேறு இருக்காது. நேராக நட்ட மரங்கள்போல ஒன்றன்பின் ஒன்று. எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது. ஒன்றுகளால் மட்டும் ஆன எண் பகா எண்ணாக வேண்டுமானால் ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆறு ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111111 = 111 × 1001 என்று உடைந்துவிடுவதைப் பார்த்தாலே காரணம் புரியும். ஆனால் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 111 = 3 × 37, 11111 = 41 × 271, 1111111 = 239 × 4649. இரண்டு ஒன்றுகளில் பகா எண்ணாக இருந்தது, அதன் பிறகு பத்தொன்பதுக்கு வந்துதான் மறுபடி பகா எண்ணாகிறது. பிறகு 23, 317, 1031. ஏன் இந்த இடங்களில் மட்டும் என்பதற்கு எளிய விதி எதுவும் இல்லை.

இதைக் கையால் சோதிக்க முடியுமா என்று பார்த்தேன். பத்தொன்பது ஒன்றுகளை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 38-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். பெரிய சலுகைதான். ஆனாலும் வர்க்கமூலம் நூறு கோடிக்கு மேல் போவதால் 2 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். தோட்டம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்தாலும் முடியாது.

இப்போது 2¹²⁷−1. முன்மொழிந்தவர் எங்கள் ஊரிலிருந்து பொறியியல் படிக்கப் போன இளைஞர். முழு எண் இது:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கம், 156 வெள்ளி. ஆறு வெள்ளிதான் கூடுதல், பேசிக் குறைக்கலாம். வரலாறு என்று பார்த்தால் இதற்கு இணையில்லை. 1876-இல் எடுவார் லூக்கா இது பகா எண் என்று காட்டினார். 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், உலகில் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அது இருந்தது. இயந்திரத்தின் உதவியே இல்லாமல் கையால் கண்டறியப்பட்டவற்றில் பெரியது இன்றும் இதுதான். இன்னொரு அழகு: 2-இல் தொடங்குங்கள். 2²−1 = 3. 2³−1 = 7. 2⁷−1 = 127. அடுத்தது இந்த எண். நான்கு தாவலும் பகா எண்ணிலேயே போய் விழுகின்றன. ஐந்தாவது தாவலில் வரும் எண்ணின் இலக்கங்களை எழுதவே உலகத்துக் காகிதம் போதாது. அது பகா எண்ணா என்பது யாருக்கும் தெரியாது.

லூக்காவின் சோதனை முறையைப் பின்னர் லெமர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இன்னும் எளிதாக்கினார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு அதை 127-க்குச் செய்துபார்த்தோம். 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். 127-ஐத் தாண்டினால் 127-ஆல் வகுத்து மீதத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4, பிறகு 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, மீதம் 67. 67-இன் வர்க்கத்தில் இரண்டு போக 4487, மீதம் 42. அடுத்து 1762, மீதம் 111. அடுத்து 12319, அது சரியாக 127 × 97. மீதம் பூஜ்யம்! அடுக்கு 7 என்பதால் ஐந்தாவது அடியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. கரும்பலகையில் பூஜ்யம் விழுந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் கைதட்டினான். அதே சோதனையை அடுக்கு 11-க்கு, அதாவது 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது அடியில் 1736 வந்து நிற்கிறது. பகா எண் இல்லை.

சோதனை அழகானது. அடுக்கு 127-க்கு அதை 125 அடிகள் ஓட்ட வேண்டும். ஒவ்வோர் அடியிலும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை அதே அளவு எண்ணோடு பெருக்க வேண்டும். ஓர் அடிக்கே 1,521 சிறு பெருக்கல்கள், மொத்தம் 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல். சரி, பங்கு போட்டுக்கொள்ளலாமே என்றால், அதுதான் முடியாது. முதல் அடியின் விடை இல்லாமல் இரண்டாம் அடியைத் தொடங்க முடியாது. ஒருவர் முடிக்கும் வரை மற்றவர்கள் கைகட்டி உட்கார வேண்டும். பதினேழாவது அடியில் ஒரு பிள்ளை 7-ஐ 1 என்று வாசித்தால் அதற்குப் பிறகு வரும் நூற்றெட்டு அடிகளும் குப்பை. லூக்கா தனி மனிதராகச் செய்து முடித்தது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்பது, பிள்ளைகளோடு செய்துபார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தொன்பது இலக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஒரு கடைப் பலகையில் தொலைபேசி எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அடுத்த தெருவில் இருந்த பாட்டி ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளாக டயர் வாங்க அழைப்பு வந்துகொண்டிருந்தது. சுவரில் 69 என்பது 96 ஆகிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுக்கும் பழைய சோதனை இருக்கிறது. இந்த எண்ணின் இலக்கக் கூட்டல் 154, மீதம் 1; இருக்க வேண்டியதும் அதுவே. ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் மாறாது, சோதனை வாயை மூடிக்கொள்ளும். பெயிண்டர்கள் அதிகம் செய்யும் பிழையும் அதுதான். தவிர, இருபது அடிச் சுவரில் முப்பத்தொன்பது இலக்கம் என்றால் ஒன்றுக்கு ஆறு அங்குலம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஏதோ எறும்பு வரிசை.

பத்து இலக்கம் என்றால் ஒன்றுக்கு இரண்டு அடி. அங்கேதான் 2147483647 வருகிறது. 2³¹−1. கூலி 40 வெள்ளி.

கூட்டத்தில் இதை நான்தான் சொன்னேன். அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. சின்னதாக இருக்கிறதே என்றார் தலைவர். சின்னதுதான். ஆனால் 1772-இல் கணித மேதை ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவிய நாளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, உலகில் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே. இதிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணை (தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணை)ப் பற்றி 1811-இல் பீட்டர் பார்லோ, இவை வெறும் வேடிக்கைக்குரியவை, பயனற்றவை, ஆகவே இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். பாவம், நல்ல கணித அறிஞர், ஜோசியம்தான் பலிக்கவில்லை.

பயனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சுலபம். 32 பிட் கணினி எண் ஒன்று குறியோடு சேர்த்துத் தாங்கக்கூடிய உச்சம் இதுவே. 2014-இல் ஒரு கொரியப் பாட்டின் யூடியூப் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டியபோது எண்ணியை அகலப்படுத்த வேண்டி வந்தது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய கணினிகளில், நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு, எண்ணி இதைத் தொட்டு நிரம்பிவிடும். மூன்று கம்பிகளில் வட்டுகளை மாற்றும் ஹனோய் கோபுரம் எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அதையும் உருவாக்கியவர் மேலே வந்த லூக்காதான். அதில் 31 வட்டுகளைப் போட்டு நொடிக்கு ஒன்று என நகர்த்தினால் சரியாக இத்தனை நகர்த்தல்கள், அறுபத்தெட்டு ஆண்டுகள். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கணினியின் உச்சமாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும் ஒன்றாக வந்து விழுந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சமான 32767-ஐப் பாருங்கள், 7 × 31 × 151 என்று உடைந்துவிடுகிறது. 64 பிட்டுக்கும் அதே கதி. ஆனால் ஒழுங்கற்ற எண்களை உண்டாக்கும் பழைய நிரல்கள் 16807-ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுத்து மீதம் எடுத்தன. அங்கே இது பகா எண்ணாக இருப்பதுதான் உயிர்நாடி. இல்லையென்றால் சுழற்சி பாதியில் மூடிக்கொள்ளும்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் நான் இந்த எண்ணின் பக்கம் சாய்ந்திருக்க மாட்டேன். சாய வைத்தது சோதனை முறை.

முதலில் சின்னதில். 2047-ஐ 23 வகுக்குமா? வகுக்காமலேயே சொல்லலாம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழியுங்கள். 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இரட்டிப்பில் மறுபடி 1. அப்படியென்றால் 2¹¹−1-ஐ 23 மீதமின்றி வகுக்கிறது; 2047 = 23 × 89. சுற்று மூடினால் வகுத்தி பிடிபட்டது என்று பொருள். 23-க்கு இருக்கும் 22 மீதங்களும் இப்படிப் பதினொன்று பதினொன்றாக இரண்டு சுற்றுகளாகப் பிரிந்து நிற்கும். அதேபோல 2³¹−1-ஐ ஏதாவது ஒரு பகா எண் வகுத்தால், அதன் மீதங்கள் 31, 31 ஆகக் கூட்டம் பிரிய வேண்டும். ஆகவே அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31-இன் மடங்கு. ஒற்றைப்படை எண் என்பதால் 62-இன் மடங்கு. ஆய்லர் இன்னும் ஒரு சல்லடை வைத்தார்: 8-ஆல் வகுத்தால் மீதம் 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், வகுத்தியாக இருக்கத் தகுதியுள்ளவை 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியவை மட்டுமே. வர்க்கமூலமான 46340 வரை பார்த்தால் போதும். எண்ணிப் பார்த்தேன்: பகு எண்ணான 63-ஐ விட்டுவிட்டால் 372.

முந்நூற்று எழுபத்திரண்டு! இரண்டே முக்கால் கோடியைப் பார்த்த கண்ணுக்கு இது கைக்குள் அடங்குகிற எண். இந்த 372-உம் ஒன்றையொன்று நம்பி நிற்கவில்லை என்பது அதைவிட முக்கியம். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோலப் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் பிழை செய்தால் அவர் நிரையை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். எங்கள் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு சேர்ந்து 29 பேர். சென்ற ஆண்டு கிள்ளானுக்குக் குடிபோன இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்திருந்தால் ஆளுக்குச் சரியாகப் பன்னிரண்டு வந்திருக்கும். இப்போது அந்த இரண்டு பங்கையும் கணித ஆசிரியையும் நானும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பன்னிரண்டிலும் 3, 5, 7-ஆல் வகுபடுபவற்றை அடித்துவிட்டால் ஆளுக்கு ஐந்தாறுதான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் முப்பத்தொரு இரட்டிப்பு. பெருக்கல் வாய்ப்பாடே வேண்டாம்; கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும். ஒரு மாணவியின் நோட்டிலிருந்து 311-க்கான வரிசையை அப்படியே தருகிறேன்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 201, 91, 182, 53, 106, 212, 113, 226, 141, 282, 253, 195, 79, 158, 5, 10, 20, 40, 80, 160, 9, 18, 36. முப்பத்தொன்றாவது இடத்தில் 36. ஒன்று வரவில்லை, 311 வகுக்காது. 5 வந்த இடத்தில் அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் போலிருக்கிறது, பென்சிலால் வட்டமிட்டு அழித்திருக்கிறாள். மளிகைக் கடைகளில் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரிலும் சரிபார்க்கலாம்: 311 × 6905092-ஐ 2147483647-இலிருந்து கழித்தால் 35. இரட்டிப்பில் வந்தது 36, ஒன்றைக் கழித்தால் 35. 2¹²⁷−1 அந்தக் கால்குலேட்டரின் திரையில் நுழையவே நுழையாது.

இதைச் செய்துகாட்டியபோது தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. கிராணியார்தான், மெர்சென் பட்டியலில் 31-உம் இருக்கிறதே என்று திருப்தியோடு சொன்னார்.

கணித ஆசிரியைக்கு ஒரு குறை இருந்தது. ஒன்றாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் கொண்டுவந்தது 73939133. வலப்பக்கமிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிக்கொண்டே வாருங்கள்: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண். இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது. கடைசியில் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் உடைந்துவிடும். இடப்பக்கமிருந்து வெட்டும் வகையில் இருபத்து நான்கு இலக்கத்தில் ஒன்று இருக்கிறது, 357686312646216567629137, ஆனால் எங்களுக்கு இதுவே போதும். 739-ஐ 2 முதல் 23 வரையிலான ஒன்பது பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளையே செய்வான். முழு எட்டு இலக்க எண்ணுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் வேண்டும் என்பதால் முன்சுவருக்கு இதை நான் ஏற்கவில்லை. ஆய்லரின் சல்லடை போன்ற எதுவும் இதற்கு இல்லை. ஆனால் திடலிலிருந்து சிற்றுண்டிச்சாலைக்கு ஏறும் படிக்கட்டு இருக்கிறதே! கீழ்ப்படியில் 7, அடுத்ததில் 73, அதற்கு மேல் 739 என்று ஏற ஏற எண் நீளும்.

படிகளை எண்ணினோம். ஏழுதான். எட்டாவது இலக்கத்துக்கு இடமில்லை, ஆனால் 7393913-இல் நிறுத்தினாலும் எல்லாம் பகா எண்ணாகவே இருப்பதால் நஷ்டமில்லை. ஒன்று முதல் ஏழு வரை கூட்டினால் 28 இலக்கம், 112 வெள்ளி. சுவரின் 40-ஐயும் சேர்த்தால் 152. அந்த இரண்டு வெள்ளியைப் பெயிண்டர் அண்ணன் விட்டுக்கொடுத்தார், தன் பேய் எண்ணை நாங்கள் விட்டுவிட்ட வருத்தம் இருந்தும். பாடநூலில் மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை இடம் விட்டு 2 147 483 647 என்று எழுதுவதால் சுவரிலும் அப்படியே விட வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதனால் இரண்டு அடி என்று போட்டிருந்த இலக்க அகலத்தை அவர் மறுபடி அளந்துகொண்டு போயிருக்கிறார்.

தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: 372-உம் முடிந்து, நோட்டுகளை மாற்றிக்கொண்டு ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்த்து, கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகுதான் சுவரில் தூரிகை படலாம். பிள்ளைகள் நேற்றே முடித்துவிட்டார்கள். ஆசிரியையும் முடித்துவிட்டார். என் பங்கில் 46129 ஒன்று பாக்கி. பதினைந்தாவது இரட்டிப்பான 32768 வரை கழித்தலே இல்லை, ஒரே ஓட்டம். பதினாறாவதில் 19407. இப்போது இருபத்து நான்காவதில் இருக்கிறேன், 32389.